தாலியும் தாளும்

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதிந்துகொள்ளும் நாள் தோட்டப் பள்ளி ஆசிரியனுக்குத் திருவிழா நாள். எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கே ஆபத்து என்றிருக்கும் காலத்தில், வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் அவனுக்கு வரம். 1990களின் நடுவில், மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, அத்தகைய ஒரு காலைப்பொழுதில், ஒரு பெண் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பையனுக்கு எண்ணெய் தடவி, வகிடெடுத்துச் சீவி, நெற்றியில் திருநீறு இட்டிருந்தாள். பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். தந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி’ என்று அச்சாகியிருந்தது. தகவல் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள்.

தகவல் கிடைக்காமற்போன அந்தத் தந்தையை எனக்கு நன்றாகத் தெரியும். அதே தோட்டத்தில் லோரி ஓட்டியவன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவன் தாலி கட்டியபோது பந்தியில் இலை போட்டவர்களுள் நானும் ஒருவன். நாதசுரம் வாசித்தவர்கள் மலாக்கா நகரிலிருந்து வந்திருந்தார்கள். நானூறு பேர் உண்டனர். நானூறு பேரும் சாட்சி.

“கோயில்ல கட்டுனாரு வாத்தியாரய்யா. ஊரே பாத்துச்சு. தாலி இருக்கக் கடுதாசி எதுக்குன்னு விட்டுட்டோம்” என்றாள் அவள்.

அவன் அப்போது ஜொகூரில் இருந்தான். அங்கே அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். அவளோடு நடந்த திருமணத்தை அவன் மறவாமல் பதிவு செய்திருந்தான். சட்டத்தின் கண்ணில் அவனுக்கு ஒரே மனைவிதான். அந்த ஒருத்தி, தோட்டத்துக் கோயிலில் நானூறு பேர் பார்க்கத் தாலி வாங்கிக்கொண்டவள் அல்லள்.

அந்த லோரிக்காரனை வைவதற்கு எனக்கு வாய் வரவில்லை. இலை போட்ட கையோடு மணமேடைப் பக்கம் போய், “தம்பி, பதிவாயிற்றா?” என்று நான் ஒரு சொல் கேட்டிருக்கலாம். மணமகளின் தமையனை அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியன் நான்; தமிழிலக்கணம் அறிந்தவன்; நாட்டின் சட்டத்தில் ஒரு வரி அறியாதவன்.

அந்த ஒரு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். இசுலாமியர் அல்லாதாரின் திருமணங்களை ஒழுங்குபடுத்த வழி காணுமாறு 1970ஆம் ஆண்டு ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு அதன் அறிக்கை வந்தது. அதன் வழியே 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் பிறந்து, 1982ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னர் இந்து ஒருவன் தன் வழக்கப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கலாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அந்த நாளிலிருந்து ஒருவனுக்கு ஒருத்தி. அந்த நாளுக்கு முன்னர்ச் சமய முறைப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்து நிலைபெற்றிருந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கருதிக்கொண்டது. நம் பாட்டியரின் தாலிக்கு இதனால் குறைவில்லை. விரும்பினால் அவற்றை இன்றும் பதிந்துகொள்ளலாம். அந்த நாளுக்குப் பின்னர் நடக்கும் மணமோ, பதிவாளரின் சான்றோ உரிமமோ பெற்றுச் சட்டம் வகுத்த முறையில் நடந்தால்தான் மணம். இல்லையேல் அது செல்லாது. ஐயரும் அம்மியும் அருந்ததியும் இருந்தாலும் செல்லாது.

இச்சட்டத்தை நம் பெண்களுள் பலர் அறியவில்லை. நம் ஆண்களுள் சிலர் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். முதல் திருமணம் பதிவாகியிருந்து, அது முறிக்கப்படாமல் ஒருவன் இரண்டாவது மணம் செய்தால், தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவு அவனை ஏழாண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். முதல் திருமணம் வெறுந்தாலியோடு நின்றிருந்தால் அந்தப் பிரிவுக்கு அவன் அஞ்ச வேண்டியதில்லை. முறிக்க வேண்டிய திருமணமே சட்டத்தின் ஏட்டில் இல்லையே! பதிவுக்கு முன் பெயர்களை எழுதி 21 நாள் பதிவகத்தில் ஒட்டிவைப்பது, ஆட்சேபம் உடையோர் வந்து சொல்லட்டும் என்பதற்காகவே. ஜொகூர்ப் பதிவகத்துச் சுவரை ஜாசின் தோட்டத்துப் பெண் எங்ஙனம் படிப்பாள்? படித்திருந்தாலும் எந்தத் தாளைக் காட்டி மறித்திருப்பாள்?

இதற்கு மறுதலையான கொடுமையும் ஒன்றுண்டு. முறையாகப் பதிவான மணமொன்றைத் தோட்டத்துத் தலைவரும் கோயில் பெரியவரும் ஒரு மாலையில் கூடி ‘முறித்து’விடுகிறார்கள். ‘இனி எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை’ என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் அடுப்பெரிக்க உதவும். பதிவான திருமணம் மரணத்தால் முடியும். நீதிமன்றத்தின் ஆணையால் முடியும். தலைவரின் கையெழுத்தால் முடியாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவள் எத்தகைய இக்கட்டில் நிற்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள். பதிய வேண்டியதைப் பதியாமலும், முறிக்க முடியாததை முறித்தும் நம் பெரியவர்கள் சமூகத் தொண்டு செய்கிறார்கள்!

இதையெல்லாம் மேடையில் சொன்னால் எழும் முதல் எதிர்ப்பு, தாலியின் புனிதம் பற்றியது. “தெய்வ சந்நிதியில் கட்டிய தாலிக்கு அரசாங்க முத்திரை ஒரு கேடா?” என்று கேட்கும் அன்பர்கள், நல்ல எண்ணம் உடையவர்களே. ஆனால் சட்டத்தைப் படித்தவர்கள் அல்லர். கோயிலில் தாலி கட்டுவதைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை. கோயில் அருச்சகரையே துணைப் பதிவாளராக அமர்த்தவும், அவர் முன்னிலையில் நம் சமயச் சடங்கின்படியே மணம் நடக்கவும், அவரே ஏட்டில் பதியவும் அச்சட்டம் இடந்தருகிறது. துணைப் பதிவாளர் இல்லாத கோயிலாயின், பதிவை முன்னரே முடித்துக்கொண்டு பின்னர் நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டுவதை யார் வேண்டாமென்றார்? புனிதத்துக்கும் பதிவேட்டுக்கும் பகை மூட்டியவர்கள் நாமே.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். தொல்காப்பியக் கற்பியலை வகுப்பில் நடத்துகிறோம். காதலர் நடுவே உண்மையல்லாதனவும் பிழைகளும் தலைகாட்டத் தொடங்கிய பின்னரே பெரியோர் திருமணக் கரணத்தை வகுத்தனர் என்று அந்நூல் கூறுவதை மாணவர்க்கு விளக்குகிறோம். தேர்வில் வினாவாகவும் வைக்கிறோம். கரணம் என்பது அந்தக் காலத்துப் பதிவு. “நான் உன்னை அறியேன்” என்று பின்னாளில் ஒருவன் சொல்லாதபடி ஊரைச் சாட்சி வைத்த ஏற்பாடு. ஊர் ஓரிடத்தில் நிலைத்திருந்த காலத்தில் அந்தச் சாட்சி போதுமானதாயிற்று. இன்று ஊர் எங்கே இருக்கிறது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; தோட்டம் துண்டாடப்பட்டது; வீடமைப்புத் திட்டம் வந்தது; அந்த நானூறு சாட்சிகளும் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப் போனார்கள். கரணத்தின் நோக்கம் மாறவில்லை. அந்நோக்கத்தை இன்று காப்பது பதிவேடு. பழமையைப் போற்றுவோர் இதையன்றோ முதலில் ஏற்க வேண்டும்?

சீர்திருத்த நெஞ்சினர் சிலரும் பதிவேட்டை ஏளனம் செய்வதுண்டு. அவர்கள் தமிழகத்தின் வரலாற்றைப் பார்க்கட்டும். புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாவென்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அதன் பொருள், எத்தனையோ குடும்பங்களின் மனைவியும் மக்களும் சட்டத்தின் முன் யாருமற்றவர்கள் என்பது. அறிஞர் அண்ணாவின் அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்த பின்னரே அந்தத் திருமணங்களுக்குக் காப்பு வந்தது. கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் சட்டத்தின் ஏட்டில் இடம்பெறாதவரை அது பெண்ணின் பசியை ஆற்றவில்லை. சீர்திருத்த மணத்துக்கும் இங்கே பதிவு வேண்டும். வைதிக மணத்துக்கும் வேண்டும். இந்த ஒன்றிலேனும் இரு சாராரும் கைகுலுக்கலாம்.

“வெறுங்கடுதாசி” என்று பிறர் சொன்னால் பொறுக்கலாம். மலேசியத் தமிழன் சொல்லலாமா? 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு நின்ற நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்களே, அது எதனால்? குடியுரிமைக்கு மனுச்செய்யச் சொன்ன காலத்தில் “கடுதாசி எதற்கு” என்று இருந்ததும் அதற்கு ஒரு காரணம் அன்றோ? தோட்டத்தை விற்றபோது கோயில்களை உடைத்தார்களே, ஏன்? பாட்டன் காலத்துக் கோயில்தான், நிலப்பட்டாதான் இல்லை. மலாக்கா நகரின் பொற்கொல்லர் வீதியிலே பொய்யாத விநாயகர் கோயில், டச்சுக்காரர் ஆட்சியில் கிடைத்த நிலத்தில் 1781இல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. தோட்டத்துக் கோயில்களுள் எத்தனை நின்றன? கோயிலுக்குப் பட்டா வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறோம். அந்தக் கோயிலில் கழுத்தை நீட்டுகின்ற பெண்ணுக்கும் ஒரு பட்டா வேண்டும் என்று பேசுவார் இல்லை.

பதிவு வேண்டாம் என்பதற்குப் பின்னால் வேறொரு காரணமும் பதுங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அது வயது. பதினெட்டு நிரம்பாத பையனுக்குச் சட்டம் மணத்தை அறவே மறுக்கிறது. பதினாறு நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத பெண்ணாயின், மலாக்காவில் முதலமைச்சரின் தனி உரிமம் வேண்டும். இருபத்தொன்று நிரம்பும் வரை பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திய பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டுவிக்கும் குடும்பம், பதிவகத்தின் பக்கமே போகாது. “வயசு வந்ததும் பதிஞ்சுக்கலாம்” என்பார்கள். வயது வரும், பிள்ளையும் வரும், பதிவு வருவதில்லை. இத்தகைய திருமணத்துக்குத் தலைமை தாங்கி வாழ்த்துரை வழங்கிய ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அவர் அன்று பேசிய பொருள், இல்லறத்தின் மாண்பு.

இனிப் பிள்ளைகளைப் பார்ப்போம். ஆசிரியனின் கண்முன் நிற்பவர்கள் அவர்களே. பதிவில்லாத மணத்தில் பிறந்த குழந்தையின் பத்திரத்தில் தந்தை பெயர் தானாக ஏறாது. தந்தையெனத் தன்னை ஒப்புக்கொள்பவன் தாயோடு சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் ஏறும். என் மாணவனின் தந்தை அன்று போகவில்லை, அவ்வளவே. தாய் குடியுரிமை உடையவளாயின், இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அவள் வழியே குடியுரிமை கிடைத்துவிடும். துயரம் எங்கே மூள்கிறது? தாய்க்குப் பத்திரம் இல்லை, அல்லது அவள் வெளிநாட்டிலிருந்து வந்தவள். தந்தையோ நீல அடையாளக் கார்டு உடைய மலேசியன். திருமணம் பதிவாகியிருந்தால் தந்தையைக் கொண்டு பிள்ளை குடிமகன். பதிவாகாவிடின், அரசியல் சாசனத்தின் இரண்டாம் அட்டவணை 17ஆம் பிரிவின்படி ‘தந்தை’ என்ற சொல்லைத் ‘தாய்’ என்றே படிக்க வேண்டும். தந்தை உயிரோடு பக்கத்தில் நின்று “என் பிள்ளை” என்று மார்பில் அடித்துக்கொண்டாலும் சாசனத்துக்கு அவன் அயலான்.

பிறகு பதிந்துகொண்டால் சரியாகிவிடாதா என்பீர்கள். ஓரளவு சரியாகும். பெற்றோர் பின்னர் முறைப்படி மணந்துகொண்டால், அந்த மண நாள் முதல் பிள்ளையை முறைப்பிள்ளையாக்க 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி செய்கிறது. ஆயினும் குடியுரிமை அத்துணை எளிதாக இறங்கி வருவதில்லை. பிலிப்பீன்சில் ஒரு மலேசியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்றோர் மணந்தது பிள்ளை பிறந்த பின்னர். 2021 மே 28ஆம் நாள் நீதிபதிகள் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்று, பிறந்த நேரத்து நிலையே கணக்கு என்று தீர்ப்பாயிற்று. எழுவருள் மூவர் மறுத்தார்கள் என்பது நமக்கு ஆறுதல். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாகாது. மகப்பேற்றுக்கு முன்னரே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கருவுற்ற பெண்ணுக்குச் சொல்ல நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் முழுதாய்க் கைவிட்டுவிடவில்லை. மணம் நடந்த நாளில் தாயோ தந்தையோ அம்மணம் செல்லுமென்று நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளை முறைப்பிள்ளையாகவே கொள்ளப்படும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இரங்குகிறது. கோயில் தாலியே போதுமென்று நம்பிய பெண்ணுக்கு இது ஒரு பிடி. ஆனால் அந்த நம்பிக்கையை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும், சாட்சி வேண்டும், இலை போட்டவர்கள் வந்து கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன். அந்தப் பெண் என்னிடம் வந்த நாளில், “கடுதாசி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதம்மா” என்று நான் சொல்லி அனுப்பினேன். அது பொய். பொய்யென்று எனக்குத் தெரியாது. அதனால் அது உண்மையாகிவிடாது. 1950ஆம் ஆண்டின் மணமான பெண்டிர், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம், முறைப்பிள்ளைக்கு மட்டுமின்றி முறையின்றிப் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கேட்க உரிமை தருகிறது. கீழமை நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அவன் கொடாமல் இழுத்தடித்தால் அவன் ஊதியத்திலிருந்தே பிடித்துக் கொடுக்குமாறு முதலாளிக்கு ஆணையிட 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வழக்குரைஞர்க்குக் கொடுக்கப் பணமில்லாதார்க்கு 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் அரசே வழக்குரைஞரைத் தருகிறது. மலாக்காவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. இவற்றை நான் அறிந்துகொண்டது ஒன்பது ஆண்டு கழித்து, வேறொரு காரியத்துக்காக ஒரு வழக்குரைஞர் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது. அதற்குள் அந்தப் பையன் பள்ளியை விட்டுச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் உதவியாளாகிவிட்டான். அவனுக்கு வந்திருக்கக்கூடிய ஒன்பது ஆண்டுப் பணத்தை அவன் தந்தை மட்டும் தின்னவில்லை.

அடிபட்டு வரும் பெண்ணுக்கும் இப்படித்தான் தவறாகச் சொல்லி அனுப்புகிறோம். “பதிவில்லையே, போலீசு என்ன செய்யும்?” என்கிறோம். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடப்புக்கு வந்தது. தங்கள் சமயத்திலோ வழக்கத்திலோ திருமணச் சடங்கென ஏற்கப்பட்ட ஒன்றைச் செய்துகொண்டவர்களை, அது பதிவாகாவிடினும், கணவன் மனைவியாகவே கொண்டு அச்சட்டம் காக்கிறது. சட்டங்களுள் தாலியை மதித்த சட்டம் என்று இதைச் சொல்லலாம். 2017இல் அதற்குச் செய்த திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு அடிபட்டவள் திங்கட்கிழமைவரை உயிரோடிருக்க இது உதவும்.

பதிவு செய்துகொண்ட பெண்ணுக்குத் துன்பமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. மணமாகி ஈராண்டு நிறையுமுன் மணவிலக்குக் கேட்பது அரிது. இருவரும் ஒத்துக்கொள்ளாத வழக்கானால் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவின் முன் முதலில் போய் நிற்க வேண்டும். கணவன் ஓடிப்போய் இருப்பிடம் தெரியாதது போன்ற நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்குண்டு. நாளாகும், மனம் நோகும். எனினும் அவளுக்குக் கதவு என்று ஒன்று இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்று சட்டம் தொடக்கத்திலேயே அவள் பக்கம் சாய்கிறது. மறுப்பவன்தான் காரணம் காட்ட வேண்டும். சேர்த்த சொத்தில் பங்கு கேட்கலாம். தனக்கும் பராமரிப்புக் கேட்கலாம். கணவன் வேலையில் இறந்தால் சொக்சோவின் முன் விதவையென்று நிற்கச் சான்று கையில் இருக்கும். பதிவில்லாதவள் இவற்றுக்கெல்லாம் கதவைத் தேடியே களைத்துப் போவாள். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதும் படிவத்தில் இசுலாமியர் அல்லாதார் தாம் விரும்பியவரைக் குறிக்கலாம். அதையேனும் கணவனிடம் எழுதி வாங்கிக்கொள் என்று அவளுக்குச் சொன்னவர் யார்?

“இதெல்லாம் வழக்குரைஞர் வேலை. ஆசிரியனுக்கு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வழக்குரைஞரைப் பார்க்க மலாக்கா நகருக்குப் போக வேண்டும். போனவள் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். ஆசிரியனைப் பார்க்க அவளுக்கு முன்னனுமதி வேண்டாம். நாம் வழக்காட வேண்டியதில்லை. எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். தவறாகச் சொல்லாமல் இருக்கத் தெரிந்தால் அதுவே பெரிது. உபகாரச் சம்பள மனு நிரப்புகிறோம், அடையாளக் கார்டுக்கு மனு நிரப்புகிறோம், மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுகிறோம். இது ஒன்றில் மட்டும் கையைக் கட்டிக்கொள்வானேன்? குடும்ப விவகாரம் என்ற கூச்சமா? அந்தக் கூச்சத்தில் குளிர்காய்பவன் ஒருவன் ஜொகூரில் இருக்கிறான்.

எழுத்தாளர் சங்கத்தின் ஏட்டில் எழுதுவதால் எழுத்தாளரையும் விடுவதற்கில்லை. நம் சிறுகதைகளில் கைவிடப்பட்ட தோட்டத்துப் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. அவள் பனியில் பால் வெட்டப் போகிறாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், கதை முடிகிறது, பரிசு கிடைக்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்தபோது அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அதை உடைத்துக் காட்டி நிறுவினாள். நம் கதைத் தலைவியின் கையில் நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்? அவள் ஒரு முறையேனும் பதிவகத்துப் படியேறியதாக நான் படித்த நினைவில்லை. ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளைகளின் ஒருதலையான மதமாற்றம் செல்லாதென்று 2018 சனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் எழுதினோம், பேசினோம். எழுத வேண்டியதே. ஆனால் அவர் வழக்காடியது, பதிவான திருமணம் ஒன்றின் மேல் நின்று. நிற்க இடமே இல்லாதவர்களைப் பற்றி எழுத நாம் இன்னும் மையைத் தொடவில்லை.

எனவே நான் ஒரே ஒரு காரியத்தைக் கேட்டேன். ஓய்வு பெற்ற பின், எங்கள் வட்டாரத்துக் கோயில் ஒன்றின் செயலவையில் எனக்கு இடங்கிடைத்தது. மண்டபம் வாடகைக்குக் கேட்டு வருவோர் நிரப்பும் படிவத்தில், ‘திருமணப் பதிவு எண்’ என்றொரு வரி சேர்க்க வேண்டும். எண் இல்லாதார்க்கு, அலோர் காஜாவிலோ ஜாசினிலோ பதிவகத்துக்குப் போய்வர வழி சொல்லி, அதன் பின் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். இரண்டு மணி நேரம் பேசினார்கள். “வருமானம் குறையும்” என்றார் பொருளாளர். “பக்கத்துக் கோயிலுக்குப் போய்விடுவார்கள்” என்றார் இன்னொருவர். “மங்கல காரியத்தில் போலீசுக்காரன்போல் கேள்வி கேட்பதா?” என்றார், பட்டதாரி ஆசிரியர் ஒருவர். மகளிர் பகுதித் தலைவி ஒருவர் மட்டும் எழுந்து, தம் தங்கையின் கதையைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. நாலு பேர் கை தூக்கினார்கள். ஏழு பேர் தூக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவரப் போகிறேன் என்று அன்றே எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தம் தங்கையின் கதையைப் பாதியில் நிறுத்திய அந்த அம்மையார் வழிமொழிந்து கையெழுத்திட்டிருக்கிறார். மண்டபப் படிவத்தில் இன்றைக்கும் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நாற்காலி எத்தனை, ஒலிபெருக்கி வேண்டுமா, வாழைமரம் யார் பொறுப்பு.